பின்பக்கம் பார்க்கிறவர்

எந்த நகையைக் கையில் கொடுத்தாலும் அவர் முதலில் அதைத் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார். முன்பக்கம் எவ்வளவு மினுங்கினாலும் அதைப் பார்க்க அவருக்கு அவசரமில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நகையைக் கண்ணுக்கு மிக அருகில் கொண்டுபோய், மூச்சைக்கூடக் குறைத்துக்கொண்டு பார்ப்பார். பிறகு பெரும்பாலும் ஒரே வார்த்தைதான். "அவசரம்" அல்லது "பரவாயில்ல." அந்தப் "பரவாயில்ல"யை வாங்குவதற்கு அவருடைய மாணவர்கள் மாதக்கணக்கில் அரத்தோடு மல்லுக்கட்டினார்கள். என் மகள் நிரோஷா அதை ஒன்பதாவது மாதத்தில் வாங்கினாள். அன்று வீட்டுக்கு வந்து இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள்.

சமைத்தது நான். பசியைக் கொடுத்தது அவர்.

அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. கண்டியில் வெள்ளி வேலையோடு பழக்கமுள்ளவர்களுக்கு இவ்வளவு சொன்னாலே யாரென்று தெரிந்துவிடும். மற்றவர்களுக்குப் பெயர் தேவையில்லை. என்னைவிட இரண்டு வயது இளையவர். எல்லோரும் டீச்சர் என்றதால் நானும் டீச்சர் என்றேன். அவர் என்னை அக்கா என்றார். அது மரியாதை என்று இப்போது தெரிகிறது. அப்போது, என்னை வயதானவளாக்கி ஒரு கதிரையில் ஓரமாக உட்காரவைப்பதுபோல இருந்தது.

நிரோஷா உயர்தரப் பரீட்சையை இரண்டு முறை எழுதினாள். இரண்டாவது பெறுபேறு வந்த அன்று காலை குளியலறைக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. கூப்பிட்டால் பதில் இல்லை. நான் கதவை இழுத்த இழுப்பில் உள்தாழ்ப்பாள் ஆணியோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. அவள் தரையில் சும்மா உட்கார்ந்திருந்தாள். "சும்மாதான் இருந்தேன்" என்றாள். நான் அந்தத் தாழ்ப்பாளைத் திரும்பப் போடவில்லை. அதற்குப் பிறகு நான்கு மாதங்கள் அவள் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள். நான் நகரத்தில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞர். வேலை நேரத்தில் பத்து முறை வீட்டுக்கு அழைப்பேன். அவள் எடுத்து "ம்" என்பாள். அந்த "ம்" கேட்டால் அடுத்த கடிதத்தைத் தட்டச்சு செய்வேன்.

கூட வேலை செய்யும் ஒருவர்தான் இந்த வகுப்பைப் பற்றிச் சொன்னார். கண்டி நகரத்தில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடி. வெள்ளியும் செம்பும் வைத்து நகை செய்யப் படிப்பிக்கிறார்கள். நான் நிரோஷாவை ஏறக்குறைய இழுத்துக்கொண்டு, கட்டுகஸ்தோட்டையில் பஸ் ஏறி, பாலத்து நெரிசலில் முக்கால் மணி நேரம் நின்று, சான்றிதழ்க் கோப்பைக் கக்கத்தில் இடுக்கியபடி அங்கே போனேன். டீச்சர் கோப்பை வாங்கவேயில்லை. சுற்றி வந்து நிரோஷாவின் காதுக்குப் பின்னால் குனிந்து பார்த்தார்.

"இந்தத் திருகாணி யாரு செஞ்சது?"

"நான்தான்" என்றாள் நிரோஷா.

"எதுல?"

"பழைய சார்ஜர் வயர்ல. உள்ள செம்புக் கம்பி இருந்திச்சு."

"எதுல சுத்துன?"

"ஊசியில."

"நல்லா பொறுமையா சுத்தியிருக்க. திங்கக்கெழம வா."

அவ்வளவுதான் நேர்முகப் பரீட்சை. படி இறங்கும்போது மகளின் காதைப் பார்த்தேன். தோட்டின் திருகாணி எப்போது தொலைந்தது, எப்போது அவள் கம்பி சுற்றினாள், ஒன்றும் எனக்குத் தெரியாது. நான்கு மாதமாகத் தினமும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள் நான். அவள் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தபோதுகூட அந்தக் காது என் பக்கமாகத்தான் இருந்தது. ஒரு அந்நியப் பெண் அரை நிமிடத்தில் பார்த்துவிட்டார். நன்றி தோன்றியிருக்க வேண்டும். தோன்றியது. அதற்கு முன்னால் வேறொன்று தோன்றிவிட்டது.

மகள் மறுபடி பேசத் தொடங்கினாள். எல்லா வாக்கியமும் "டீச்சர்" என்றுதான் தொடங்கும். பேசுகிறாளே என்று சந்தோஷப்பட வேண்டிய நான், எந்த வார்த்தையில் தொடங்குகிறாள் என்று கவனித்துக்கொண்டிருந்தேன்.

டீச்சருடைய கதையெல்லாம் அப்படிச் சோற்றுத் தட்டுக்கு முன்னால் துண்டு துண்டாகக் கேட்டதுதான். ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவர். கலகெதரப் பக்கம் வெள்ளி வேலை செய்யும் சிங்களக் குடும்பம் ஒன்றில் வேலை கற்கப் போனார். பட்டறையில் பெண்பிள்ளைக்கு என்ன வேலை என்று கூட்டுமாற்றைக் கொடுத்தார்கள். இரண்டு வருடம் கூட்டினார். குப்பையில் விழுந்த வெள்ளித் தூளையெல்லாம் சலித்துச் சேர்த்து, உருக்கி, ஒரு மோதிரம் செய்து அந்த வீட்டுப் பெரியவரிடமே கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் அதைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு, கூட்டுமாற்றை வாங்கி மூலையில் வைத்தாராம். பிறகு இந்தியாவில் படிப்பு, எங்கோ குளிர் நாட்டில் படிப்பித்த வருடங்கள், கண்காட்சிகள். எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஏன் துணிக்கடை மாடிக்குத் திரும்பி வந்தார் என்று கேட்டேன். "அதப் பத்தி டீச்சர் பேசமாட்டாங்க" என்றாள் நிரோஷா, ஏதோ குடும்ப ரகசியத்தைக் காப்பவள்போல.

அவருடைய கண்ணாடி அலுமாரியில் ஒரு சங்கிலி இருந்தது. கனமான வெள்ளிச் சங்கிலி, நடுவில் பதக்கத்துக்குப் பதிலாகத் தண்ணீர்ப் பைப்பின் கைப்பிடி, அச்சு அசலாக.

"இது பைப்புத் திருகுதானே?" என்று கேட்டேன்.

"ஆமாக்கா. எங்க லயத்துல இருபது வீட்டுக்கு ஒண்ணு."

ஒரு வெளிநாட்டுப் பெண் தேயிலைக் கொழுந்து வடிவத்தில் ஏதாவது செய்து தரக் கேட்டபோது, "அத அவங்க கோப்பையில பாத்துக்கட்டும்" என்றவர், அதே பெண்ணிடம் இந்தப் பைப்பு ஒன்றை விற்றார் என்று என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். என் கணவர் கொழும்பில் வேலை செய்கிறார், சனிக்கிழமை வருவார். அவரும் சேர்ந்து சிரித்தார். நான் சாப்பிட்ட தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

வகுப்பில் ஒரு விதி உண்டு. எதையாவது உடைத்தால், உருக்கிவிட்டால், கருக்கிவிட்டால், செய்தவர் தானே சொல்ல வேண்டும். திட்டு கிடையாது. மறைத்தால் மட்டும் டீச்சர் அந்தக் கிழமை ஏழு நாளும் அவரோடு பேசமாட்டார். தன் பிழையையும் அப்படியே சொல்லிவிடுவார். ஒரு முறை ஒரு கல்யாணப் பெண்ணின் அம்மா அட்டிகையை வாங்கிப்போக வந்து, "எவ்வளவு அழகு!" என்று கழுத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் அதை மெதுவாக வாங்கித் திருப்பிக் காட்டினார். "இந்த மூணாவது ஒட்டு சரியில்ல. நான் செஞ்ச பிழ. புதன்கெழம வாங்க." அந்த அம்மா கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. "ஒங்களுக்குத் தெரியாது. மகளோட கழுத்துக்குத் தெரியும்" என்றார்.

இப்படிப்பட்டவரிடம் ஒருநாள் என் தாலிக்கொடி மாட்டிக்கொண்டது. நிரோஷாவைக் கூட்டிவரப் போயிருந்தேன். கொடி சேலையில் சிக்கி இழுபட்டது. விடுவிக்க வந்தவர் கை பழக்கத்தில் அதைத் திருப்பிவிட்டது.

"ரெண்டு தடவ அறுந்திருக்கேக்கா. ரெண்டாவது ஒட்டு வேற ஆள் கை."

"இல்லையே. ஒரு தடவதான்" என்றேன்.

அவர் மறுபடி கண்ணாடியை உயர்த்தினார். பக்கத்தில் நிரோஷா. "அம்மா, ரெண்டாவது தடவ எப்ப அறுந்துச்சு? சொல்லவே இல்லையே?"

எப்போது என்று சொல்வது? அந்தக் குளியலறைக் கதவை இழுத்த அன்றுதான். கைப்பிடியில் மாட்டிக்கொண்டு அறுந்தது. கணவருக்குக்கூடத் தெரியாமல் நகரத்துக் கடையில் ஒட்டவைத்தேன். மகளிடம் சொன்னால் அந்த நாளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். என் முகத்தைப் பார்த்துவிட்டு டீச்சர் கொடியைக் கீழே விட்டார். "நான் தப்பாப் பாத்திருப்பேன்" என்றார். அவர் தவறாகப் பார்க்கவில்லை என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். எனக்காக இறங்கி வந்தாரே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பிறகு அந்த விண்ணப்பப் படிவம் வந்தது.

இந்தியாவில் ஒரு கல்லூரி டீச்சரைப் படிப்பிக்க அழைத்திருந்தது. அங்கே இரண்டு வருடப் படிப்புக்கு ஒரு மாணவியை அவர் முன்மொழியலாம். செய்த நகையொன்றையும் விண்ணப்பத்தையும் அனுப்ப வேண்டும். நிரோஷா படிவத்தை நிரப்பிவிட்டுத்தான் என்னிடம் காட்டினாள். நான் எழுதுவினைஞர். படிவம் என்றால் கடைசிக் கட்டம்வரை வாசிப்பேன். அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் என்ற இடத்தில் டீச்சருடைய பெயர் இருந்தது.

"அவங்கதானேம்மா அங்க பக்கத்துல இருப்பாங்க? நீங்க இங்கருந்து எப்படி வருவீங்க?" என்றாள்.

சரியான பதில். அலுவலகத்தில் யார் கொண்டுவந்திருந்தாலும் நானே அப்படித்தான் நிரப்பச் சொல்லியிருப்பேன். ஆனால் கதவைப் பிடுங்கியவள் நான். பத்து முறை அழைத்தவள் நான். நான்கு மாதம் அந்த "ம்"முக்காகக் காத்திருந்தவள் நான்.

நிரோஷா அனுப்பவிருந்தது சேலையில் குத்தும் ஒரு வெள்ளிப் புரோச். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் நின்று, மழைத்துளி மகாவலியில் விழும்போது உண்டாகும் வட்டங்களைப் பார்த்துப் பார்த்து வரைந்தாள். வெள்ளியில் மயிரிழை போலக் கீறி, கீறிய கோட்டில் செம்புக் கம்பியைப் பதித்து அந்த வட்டங்களைச் செய்திருந்தாள். மூன்று மாத வேலை. அனுப்புவதற்கு முதல்நாள் வகுப்பில் மாணவர்களின் சின்னக் கண்காட்சிக்கும் ஏற்பாடு நடந்தது. பெற்றோரும் உதவிக்கு வரலாம் என்றார்கள். நான் அரைநாள் லீவு போட்டு, எல்லோருக்கும் தின்ன ரோல்ஸ் பெட்டியோடு போனேன்.

ஆட்டோவில் கண்ணாடிப் பெட்டிகள் வந்து இறங்கின. எல்லோரும் தூக்கப் போனார்கள். மாடியில் நான் மட்டும்.

நெருப்பில் காட்டிய வெள்ளி கறுத்துப்போகும். அதை வெளுக்கவைக்க இளஞ்சூட்டில் அமிலம் வைத்த சட்டி ஒன்று எப்போதும் அங்கே இருக்கும். அதற்குள் செப்பு இடுக்கியைத்தான் விட வேண்டும். இரும்பு பட்டால், பழைய அமிலத்தில் கரைந்து கிடக்கும் செம்பெல்லாம் வெள்ளிமேல் போய் ஒட்டிக்கொள்ளும். இதை எனக்குச் சொன்னது நிரோஷாதான். கூடப் படிக்கும் ரிஸ்வானா ஒருநாள் அவசரத்தில் இரும்புக் குறட்டைச் சட்டிக்குக் கொண்டுபோனதையும், டீச்சர் பாய்ந்து கையைப் பிடித்ததையும் நடித்துக்காட்டினாள்.

சட்டியில் எட்டு நகைகள் கிடந்தன. நடுவில் அந்தப் புரோச். மேசையில் இரும்புக் குறடு இருந்தது.

போட்டேன்.

யாரும் என்னைத் தள்ளவில்லை. கை தவறவில்லை. ஒருநாள் தாமதமானால் தபால் தவறும், தபால் தவறினால் மகள் வீட்டில் இருப்பாள் என்று கணக்காக நினைத்துத்தான் போட்டேன். வெள்ளி மெல்ல மெல்லச் சின்ன வெங்காயத் தோலின் நிறத்துக்கு வந்தது. அழகாகக்கூட இருந்தது. பிறகு குறட்டை எடுத்து, முந்தானையில் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, கீழே போய் ஒரு பெட்டியின் முனையைப் பிடித்தேன்.

முதலில் பார்த்தது ரிஸ்வானா. "அல்லாஹ்வே! எல்லாம் ரோஸ் கலரா பெய்த்து! டீச்சர், நான் இல்ல, சத்தியமா நான் இல்ல!"

டீச்சர் சட்டியைப் பார்த்தார். மேசைக்குப் போய்க் குறட்டை எடுத்தார். அதைத் திருப்பினார். அதன் நுனியிலும் செம்பு ஏறியிருந்தது. நான் துடைத்தது ஈரத்தை மட்டும்தான். பிறகு நிமிர்ந்து, மாடியில் நின்ற எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். அவருடைய கண் என் முந்தானையின் ஈரத்தில் ஒரு கணம் நின்றது.

"நான்தான்" என்றார். "கீழ எறங்குற அவசரத்துல இரும்ப விட்டுட்டேன்."

"நீங்களா டீச்சர்?" என்றாள் நிரோஷா.

"நான்தான்மா."

பாமசியில் புண் கழுவ விற்கிற மருந்தை வாங்கிவரச் சொல்லி, புது அமிலத்தில் கலந்து, ஏழு நகைகளை ஒரு மணி நேரத்தில் பழையபடி வெள்ளையாக்கிவிட்டார். எட்டாவதை அதில் போட முடியாது. அந்த மருந்து மேலே ஒட்டிய செம்பை மட்டும் தின்னாது, நிரோஷா பதித்த கம்பியையும் சேர்த்துத் தின்றுவிடும். இது எனக்குத் தெரியாது. நான் எட்டுக்கும் குழி வெட்டினேன், என் பிள்ளைதான் விழுந்தாள். டீச்சரும் அவளும் பொழுது சாயும்வரை கையால் தேய்த்தார்கள். தேய்க்கத் தேய்க்க வட்டங்கள் மங்கின. கடைசியில் நிரோஷா அதைத் துணியில் சுற்றி வைத்துவிட்டு எழுந்தாள்.

"அனுப்பலாம்மா" என்றார் டீச்சர். "நான் கடிதம் எழுதுறேன். என்னோட பிழைன்னு."

"வேணாம் டீச்சர். இரும்பப் பத்தி எங்ககிட்ட அவ்வளவு சொல்லிட்டு, நீங்களே..." முடிக்காமல் படி இறங்கிவிட்டாள்.

அவள் மறுபடி அந்த மாடிக்குப் போகவில்லை. நான் கேட்டது கிடைத்தது. மகள் வீட்டில் இருந்தாள்.

அவர் இந்தியாவுக்குப் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னால் நான் தனியாகப் போனேன். பெட்டிகள் கட்டிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால், "சேலையில ஓட்ட விழுந்திருக்குமே?" என்றார்.

விழுந்திருந்தது. மூன்று ஓட்டைகள்.

"ஏன் டீச்சர் பொய் சொன்னீங்க?"

"நீங்கதான்னு சொல்லியிருந்தா அந்தப் புள்ள அன்னைக்கே வீட்ட விட்டுட்டு எங்கூட வந்திருக்கும். அப்படி வர்ற புள்ள எனக்கு வேணாம்." ஒரு பெட்டியின் கயிற்றை இறுக்கினார். "அதுக்கு வேற டீச்சர் கெடைக்கும். அம்மா கெடைக்குமா?"

நான் அழத் தொடங்கினேன். அவர் ஆறுதல் சொல்லவில்லை.

"அழாதீங்க. எனக்கும் கோவம் இருக்கு. எனக்கு இருந்த நல்ல கை அது. ஒங்க மொகத்த ரொம்ப நேரம் பாக்க முடியல. டீ ஊத்துறேன், குடிச்சிட்டுப் போயிடுங்க."

குடித்துவிட்டு வந்தேன். சீனி போட மறந்திருந்தார், அல்லது மறக்கவில்லை. பஸ்ஸில் வரும்போது, செய்த குற்றத்தைவிட வேறொன்று என்னை அரித்தது. பிள்ளைக்காகப் பிள்ளையையே விட்டுக்கொடுப்பது தாய் செய்ய வேண்டிய வேலை. அதையும் அவரே செய்துவிட்டார். எனக்கென்று ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

இரண்டு வருடம் ஆகிறது. நிரோஷா நகரத்தில் ஒரு நகைக்கடையில் அறுந்ததை ஒட்டிக்கொடுக்கிறாள். நன்றாகத்தான் இருக்கிறாள். சாப்பிடுகிறாள், கேட்டால் பதில் சொல்கிறாள். எந்த வாக்கியமும் டீச்சர் என்று தொடங்குவதில்லை. அந்த அமைதியை இரண்டு வருடம் கேட்டுப் பார்த்தேன். முடியவில்லை. வாயால் சொல்லவும் முடியவில்லை. அதனால் எழுதினேன். இதுவரை உள்ளதைப் போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் அவள் முன்னால் வைத்தேன்.

அவள் வேகமாக வாசிக்கிறவள். ஆனால் நேரமெடுத்தாள். கடைசித் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எவ்வளவு நேரம் உள்ள இருந்துச்சு?"

"என்னது?"

"குறடு. அந்த அளவு ஏறணும்னா நேரம் எடுக்கும். எவ்வளவு நேரம்?"

"தெரியலம்மா. அஞ்சு நிமிஷம் இருக்கும்."

"அஞ்சு நிமிஷம்." அவள் குரல் உயரவில்லை. "அஞ்சு நிமிஷமும் நின்னு பாத்துக்கிட்டா இருந்தீங்க?"

"ஆமா."

"எடுத்திருக்கலாமேம்மா. ஒரு நிமிஷத்துல எடுத்திருந்தாக்கூடத் தேச்சிருப்பேன்."

அவள் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். இரண்டு வருடமாக அழைக்காத இலக்கத்தை அவள் தேடவில்லை, நேரே அழுத்தினாள். "டீச்சர்" என்பது மட்டும் கேட்டது. அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. அந்தப் பக்கம் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். என் மகள் சின்னப் பிள்ளைபோல வாயைத் திறந்து அழுதாள். குளியலறைத் தரையில் உட்கார்ந்திருந்த அன்றுகூட என் முன்னால் அவள் அப்படி அழவில்லை.

ஓடிப்போய் அணைத்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. அந்தப் போனைப் பிடுங்க வேண்டும்போலவும் இருந்தது. இரண்டும் ஒரே இடத்திலிருந்துதான் வந்தன, எனக்குத் தெரியும். நான் மேசையருகே நின்றேன். அவள் அழுது முடிக்கும்வரை எதையும் தொடவில்லை.